கரண்ட் இல்லாத வீட்டிலிருந்து வந்த பதில்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை அடிக்கக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை. பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். நீ வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து கிளம்புகிறாய் என்று உன் அப்பா சொன்னார். நீ கிளம்புவதற்கு முன்னால் இது உன்னிடம் வந்து சேர வேண்டும் என்று, இ-சேவை மையத்தில் கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் உட்கார்ந்து, ஊர்க்காரர்களுக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற அதே கீபோர்டில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இது ஒட்டி மூடிய கடிதம் இல்லை. அனுப்புவதற்கு முன்னால் உன் அப்பா இதைப் படிக்கப் போகிறார், உன் மனைவி பவித்ராவும் படிக்கப் போகிறாள். இனிமேல் நம் வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் எதுவும் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதை என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த புயல் உனக்கு நினைவிருக்கும். உப்பளத்துப் பாத்தியும் கால்வாயும் ஒன்றாகி, எது வரப்பு எது தண்ணீர் என்று தெரியாமல் போயிற்று. மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கொண்டுபோய் வைத்தார்கள். உன் அப்பா உப்பு லாரியோடு எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தார், உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. நீ என் முந்தானையை உன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்கினாய். நான் கொஞ்சம் அசைந்தாலும் விழித்துக்கொண்டு எங்கே போகிறாய் என்று கேட்டாய். அந்த முடிச்சை வருஷக்கணக்காக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்தன்று மணப்பெண் அறையில் பவித்ராவிடமும் அதைத்தான் சொன்னேன். இவ்வளவு பாசம் வைக்கிற பிள்ளை, உன்னைக் கண்ணுக்குள் வைத்துக்கொள்வான் என்றேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

போன லீவில் நீ வந்தபோது கேமராக்களைக் கொண்டுவந்தாய். கேமரா மாட்டுகிற வேலையில் இருக்கிறவன், தன் வீட்டுக்கு மாட்டாமல் இருப்பானா என்று நானும் நினைத்தேன். வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்துக்கு ஒன்று. எல்லாப் படமும் போய்ச் சேருகிற சர்வர் என்று உன் பழைய காலேஜ் லேப்டாப்பை உன் அறைப் பரணில் மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். பேட்டரி செத்துப்போனது, உப்புக் காற்றில் ஓரமெல்லாம் துருப் பிடித்தது, ஆனாலும் லினக்ஸ் போட்டால் குதிரை மாதிரி ஓடும் என்று சொன்னாய். பாஸ்வேர்டு போட்டு யாரும் வெளியிலிருந்து நுழைய முடியாது, சாவி இருந்தால்தான் திறக்கும் என்றாய். அந்தச் சாவி என்பது கையில் பிடிக்கிற சாவி இல்லை, நீ மஸ்கட்டில் வைத்திருக்கிற லேப்டாப்பில் இருக்கிற ஒரு சின்னக் கோப்பு என்றும், அதற்குப் பொருந்துகிற ஜோடி இங்கே பரணில் இருக்கிற பெட்டியில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்றும், இரண்டும் பொருந்தினால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வீட்டுக்குள் வரலாம் என்றும் எங்களுக்கு விளக்கினாய். பவித்ரா கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லிக்கொடுத்தாய். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளைகள் தோளோடு தோள் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நீ மஸ்கட் போன பிறகு ஒரு நாள், பவித்ரா பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். கூடத்தைத் தாண்டும்போது சுவரிலிருந்து உன் குரல் வந்தது. எங்க போற, என்று கேட்டாய். அந்தக் கேமராவில் பேசவும் முடியும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் பிள்ளை ஊரில் இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கிறான் பார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அவள் கடைக்குப் போகவே இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இந்த மாதம் மழை வலுத்துக் கரண்ட் வந்து வந்து போன அந்த வாரத்தில்தான் உன்னால் உள்ளே வர முடியாமல் போயிற்று. முதலில் நீ சாதாரணமாகத்தான் பேசினாய். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னாய், போட்டேன். விளக்கெல்லாம் எரிகிறதா என்று கேட்டாய், எரிகிறது என்றேன். மறுநாள் நான் மையத்தில் வேலையாக இருக்கும்போது ஆறேழு தடவை கூப்பிட்டாய். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொன்னால்கூட வைக்கவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், பவித்ரா எங்கே, காலையிலிருந்து எங்காவது போனாளா, யாராவது வந்தார்களா என்று கேட்டாய். நான் வேலைக்கு வந்துவிட்டேன், எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அதுக்குத்தாம்மா கேமராவே வச்சேன், என்றாய். அந்த வார்த்தை எனக்குள் எங்கேயோ இடறியது. திருடனுக்காக என்றுதானே வைத்தாய்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு லீவு. பரணிலிருந்து லேப்டாப்பை இறக்கிக் கூடத்து மேசையில் வைத்துத் திறக்கச் சொன்னாய். பக்கத்திலேயே மோடத்தையும் இழுத்து வைத்தேன். பாஸ்வேர்டைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் இழுத்தாய், வேறு வழியில்லாமல் கடைசியில் சொன்னாய். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். பவித்ரா சமையலறையில் இருந்தாள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கதவு திறக்கிற வேலை ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னாய். பச்சை எழுத்தில் ஓடுகிறது என்று வந்தது. அடுத்து, யார் யார் வந்து தட்டுகிறார்கள் என்பதை உடனுக்குடன் காட்டுகிற இடத்தைத் திறக்க வைத்தாய். இப்ப நான் ட்ரை பண்றேன், புதுசா என்ன வருதுன்னு படிம்மா, என்றாய். ஒரு வரி ஏறியது. உன் பெயர், நீ வருகிற இடத்தின் எண், கடைசியில் இணைப்பு மூடப்பட்டது என்ற வார்த்தை. மறுபடியும் என்றாய். இன்னொரு வரி ஏறியது. நாம் இருவரும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்கிறோம் என்று அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது.

அப்படியென்றால் பெட்டி நன்றாக இருக்கிறது, சாவியைத்தான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது என்றாய். சாவி எழுதி வைத்திருக்கிற ஃபோல்டரை வேறு யாரும் தொட முடிகிற மாதிரித் திறந்து போட்டிருந்தால் அந்தப் பெட்டி எந்தச் சாவியையும் நம்பாது, அதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாய். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்திருப்பதால் சும்மா பார்த்தால் கண்ணில் படாத ஃபோல்டர் அது. நீ சொன்ன கட்டளையை அடித்தேன். பெயர்கள் வரிசையாக வந்தன. பூட்டெல்லாம் நீ சொன்னபடி சரியாகத்தான் இருந்தது. ஆனால் உன் சாவியின் ஜோடி இருக்க வேண்டிய கோப்பின் பெயர் நீ சொன்ன பெயராக இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் யாரோ இங்கிலீஷ் எழுத்தில் வேண்டாம் என்று சேர்த்து வைத்திருந்தார்கள்.

வாய் திறந்து படிக்கப் போனவள் நிறுத்திவிட்டேன். தலையைத் தூக்கினேன். பவித்ரா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. உன் குரல் கேட்கத் தொடங்கியதிலிருந்து அங்கேயேதான் நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. தலையை மட்டும் மெல்ல இரண்டு பக்கமும் ஆட்டினாள், வேண்டாம் என்று. தம்பி, அந்த முகத்தை நான் உனக்கு எப்படிச் சொல்வேன். புயலின்போது பள்ளிக்கூடத்து வராந்தாவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களில் நான் பார்த்த பயம் அது. வெளியே வெயில் அடிக்கிறது, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, என் வீட்டுக் கூடத்தில் என் மருமகள் அப்படி நிற்கிறாள். போனிலிருந்து நீ கேட்கிறாய்: என்னம்மா வந்துருக்குது, படி. ம்மா, இருக்கியா?

கரண்ட் போயிடுச்சுடா, என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன். உனக்கு நான் சொன்ன பொய் அது. யோசித்துச் சொல்லவில்லை.

என்ன இது என்று அவளிடம் கேட்டேன். கூடத்துக் கேமராவை அண்ணாந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் வாங்க அத்தை என்றாள். உடனே அங்கேயும் கேமரா இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து, இப்போதைக்கு அவரால் பார்க்க முடியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, நின்ற இடத்திலேயே பேசினாள்.

"துணி காயப்போடப் போனா எவ்ளோ நேரம் நின்னேன்னு கேக்குறாரு அத்தை. பக்கத்து வீட்டக்கா கூட இன்னா பேசுனேன்னு அப்படியே சொல்லிக் காட்டுறாரு. நைட்டி போட்டு வாசலுக்கு வந்தா படம் எடுத்து எனக்கே அனுப்புறாரு. போன்ல நான் எங்க இருக்கேன்னு பாக்குறாரு. சண்டைகூட போட மாட்டாரு. மெதுவாத்தான் கேப்பாரு. அந்த மெதுவாதான் பயமா இருக்குது. நான் வீட்ல பேசுறதையே நிறுத்திட்டேன், நீங்க கவனிச்சீங்களா?"

கவனித்தேன். இவள் அமைதியான பெண், நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

மழை பெய்த அன்று மோடத்தை அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கும்போது, உன் அறையில் பரணின் மேலேயே லேப்டாப்பைத் திறந்து, நீ அவள் முன்னால் அடித்த பாஸ்வேர்டைப் போட்டு, நீ சொல்லிக்கொடுத்த கட்டளையிலேயே அந்தப் பெயரை மாற்றியிருக்கிறாள். ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். அழித்தால் நீ வரும்போது திரும்ப வைக்க முடியாதே என்றாள். நீ வருகிற நாளுக்கு முன்னால் பழையபடி மாற்றி வைத்துவிட்டு, உன்னிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். கொஞ்ச நாள் யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று மட்டும் ஆசைப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் திரைக்குப் போனது. ஒரு வரி ஏறியது. உன் பெயர், இணைப்பு மூடப்பட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. நீ விடாமல் தட்டிக்கொண்டிருந்தாய். முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பவித்ராவுக்குத்தான் உறைத்தது. ஐயோ அத்தை, கரண்ட் இல்லாத பெட்டி எப்படிப் பதில் சொல்லும், என்றாள். கரண்ட் போயிருந்தால் உனக்கு எந்தப் பதிலும் வந்திருக்காது, காத்திருந்து காத்திருந்து தானாக அற்றுப்போயிருக்கும். ஆனால் இந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் உனக்கு அனுமதி இல்லை என்று ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். இழுத்த வேகத்தில் மோடத்தின் ஒயரும் சேர்ந்து வந்துவிட்டது. அதே நேரத்தில் போன் அடித்தது.

நீ கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். மெதுவாகக் கேட்டாய்.

"கரண்ட் இல்லாத வீட்லேர்ந்து யாரும்மா எனக்குப் பதில் சொல்றது?"

பவித்ராகிட்ட குடு, என்றாய். அவள் பின்பக்கம் போயிருக்கிறாள் என்று இரண்டாவது பொய் சொன்னேன். வைத்தேன். உடனே அவள் போன் சமையலறையில் அடித்தது. அடித்து நின்றது, மறுபடி அடித்தது. பிறகு என் போன். பிறகு மறுபடி அவளுடையது. நாங்கள் இருவரும் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பெற்ற பிள்ளை கூப்பிடுகிறான், எடுக்கப் பயந்து நிற்கிறேன். அப்படி ஒரு நாள் எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

உன் அப்பா சாயங்காலம் லாரியை விட்டுவிட்டு வந்தார். நீ அவரையும் கூப்பிட்டிருந்தாய். அவர் முதலில் உன் பக்கம்தான் பேசினார். வெளிநாட்டில் தனியாகக் கிடக்கிறவன், கட்டிய மனைவி மேல் அக்கறையில் பார்க்கிறான், இதைப் போய்ப் பெரிசுபடுத்துகிறீர்களே என்றார். நான் லேப்டாப்பையும் மோடத்தையும் மறுபடி போட்டு அந்த இடத்தைத் திறந்து அவரை முன்னால் உட்கார வைத்தேன். இன்றைக்கு ராத்திரி டியூட்டி, இப்போது தூங்கப் போகிறேன் என்று நீ அவரிடம் சொல்லியிருந்தாய். அவர் ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் திரையில் ஏழு வரி ஏறிவிட்டது. ஒவ்வொன்றிலும் அவர் உனக்கு வைத்த பெயர். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிக் கூடத்துக் கேமராவைக் கழற்றினார். திருப்புளி வழுக்கி வழுக்கி விழுந்தது. நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நானாகவே உன்னைக் கூப்பிட்டேன். நடந்தது எனக்குத் தெரியும் என்றேன். நீ மறுக்கவில்லை. நான் அவளப் பாத்துக்கிறேன்மா, அதுல இன்னா தப்பு, என்றாய். பாத்துக்கிறது வேற, பாத்துக்கிட்டே இருக்கிறது வேறடா, என்றேன். அதற்கு நீ, அவ எதையும் மறைக்கலன்னா எதுக்குப் பயப்படணும் என்று கேட்டாய். பிறகு நான் யார் பக்கம் என்று கேட்டாய். கடைசியாக ஒன்று சொன்னாய்.

"லீவ முன்னாடியே கேட்டுட்டேன். வந்து பேசிக்கிறேன். அதுவரைக்கும் அவ அங்கயே இருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுத்தான் நான் முடிவு எடுத்தேன். மையத்துக்கு லீவு சொன்னேன். பவித்ராவின் துணிகளை இரண்டு பையில் வைத்து, அவளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். அவள் போனை அணைத்து என் கைப்பையில் போட்டாள். அணைத்த பிறகும் அது எங்கே இருக்கிறது என்று தெரியுமா அத்தை என்று இரண்டு தடவை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அது உனக்குத் தெரியவராது என்று அவளைத் தேற்றத்தான் தோன்றியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஏறினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிரம்மதேசத்தில் இறங்கி அவள் அம்மா வீட்டு வாசலுக்குப் போனபோது, பெண்ணைக் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று படியேறாமல் நின்றுவிட்டேன். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எங்க பொண்ணு போன்ல ஒழுங்காவே பேசறதில்லன்னு கோவமா இருந்தோம்ங்க, என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எழுதவில்லை, தம்பி. பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் அப்பா லாரி எடுத்துக்கொண்டு ஆந்திரா பக்கம் போனால் எப்போது வருவார் என்று தெரியாது. கையில் போன் கிடையாது. ஒரு தடவை சொன்ன நாளுக்கு வரவில்லை. நான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு லாரி ஷெட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்து இறங்கியதும் அத்தனை டிரைவர்கள் முன்னால், எங்கே போனாய், யாரோடு இருந்தாய் என்று கேட்டுக் கத்தினேன். வண்டி பழுதாகி வழியில் நின்றிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு என் பின்னால் நடந்து வந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம், போன இடத்தையெல்லாம் நான் கேட்காமலே ஒப்பிப்பார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு நாள் கவனித்தேன், அவர் வழியில் பார்த்த வேடிக்கையை, கேட்ட கதையைச் சொல்வதையே விட்டுவிட்டிருந்தார். போன ஊர்களின் பெயரை மட்டும் சொன்னார். என்னைக் கண்டு பயந்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கேட்பதை நிறுத்தினேன். சுலபமாக இல்லை. அவர் வராத நாட்களில் உப்பளத்து வரப்பில் போய் நடந்தேன், பாத்திரம் தேய்த்தேன், பத்து வரை படித்தவள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமலே பொழுதைக் கழிக்கப் பழகினேன். நீயும் பழகத்தான் வேண்டும். அதற்கு வைத்தியரைப் பார்க்க வேண்டியிருந்தால் பார்க்கலாம். புதுச்சேரிக்கு நானே கூட்டிப் போகிறேன், வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது உள்ள நிலவரத்தைச் சொல்கிறேன். மூன்று கேமராவும் கழற்றியாயிற்று. உன் சாவியின் ஜோடியை நான் அழித்துவிட்டேன், பெயர் மாற்றி வைக்கவில்லை, அழித்தே விட்டேன். பவித்ரா அவள் அம்மாவின் போனிலிருந்து சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். கல்யாண போட்டோக்களையும் உன் காலேஜ் போட்டோக்களையும் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன், அவை உன்னுடையவை. கேமராவில் பதிவானவற்றை அழிக்கவில்லை. அவை அவளுடையவை, என்ன செய்வது என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவளுடைய அண்ணன் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்கிறான். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போவதென்று முடிவெடுத்தால் என்னையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். போய், நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். பெற்ற பிள்ளைக்கு எதிராகத்தான் அது போகும். ஆனாலும் சொல்வேன்.

பெயர் மாற்றியது நான்தான் என்று உன்னிடம் சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். உன் கோபம் என்னோடு போகட்டும் என்று. பவித்ராதான் ஒத்துக்கொள்ளவில்லை. மறைக்க வேணாம் அத்தை, நான்தான் பண்ணேன்னு எழுதுங்க, நான் பயந்துதான் பண்ணேன்னும் எழுதுங்க, என்றாள். எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிவர அப்பா மட்டும் சென்னைக்கு வருவார். எம் புள்ளையக் கட்டிப் புடிக்கிறதா, கையப் புடிச்சு நிறுத்துறதான்னு தெரியலடி என்று நேற்று என்னிடம் சொல்லிவிட்டு அழுதார். நீ அவரோடு நேராக நம் வீட்டுக்கு வா. பிரம்மதேசத்துக்குப் போகாதே, அங்கே யாருக்கும் போன் செய்யாதே. அவள் எப்போது பார்க்கலாம் என்று சொல்கிறாளோ அப்போது நானும் கூட வருவேன். அவள் சொல்லவே இல்லை என்றால் நாம் போகப் போவதில்லை. அதை நீ தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உன்னைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பார்க்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது, நீ உள்ளே வருகிற நேரம் கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்றும் இருக்கிறது. பெற்றவளே உன்னைக் கண்டு பயப்படுகிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு வா. வந்ததும் சமாதானம் சொல்ல வேண்டாம், யார் பக்கம் என்று கேட்க வேண்டாம். கை கால் கழுவிவிட்டு உட்கார். அந்த ஏழு வரியும் ஏறும்போது, இந்த வீட்டுக்குள் என்ன நடந்துவிடும் என்று நீ பயந்துகொண்டிருந்தாய்? அதை மட்டும் எங்களிடம் சொல்.

அம்மா